ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஆங்கிலமும் வேண்டும், அம்மம்மாவின் தமிழும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் தெஹிவளையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தை வாசித்தேன். தன் ஆறு வயது மகளுக்கு ஓட்டிசம் (பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை) என்றும், "இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்" என்று சொல்லப்பட்டதால் தமிழை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னொரு வாசகர், தமிழே சரியாக வராத பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு, அந்த நேரத்தில் உருப்படியாக வேறு ஏதாவது பழக்கலாமே என்று பதில் எழுதினார். இரண்டையும் வெட்டி எடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். இருவரும் பிள்ளைகளின் நன்மையை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதலாவது பிழையை நாங்கள் எங்கள் வீட்டிலேயே விட்டுப் பார்த்துவிட்டோம், இரண்டாவதைப் பேரனின் பாடசாலையில் பார்க்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவள். முதலில் யாழ்ப்பாணத்தில், பிறகு கொழும்பில். ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கு ஓட்டிசம் என்று மூன்றாவது வயதில் சொன்னார்கள். அப்போது அவனிடம் "பா" என்ற ஒரு சத்தம்தான் இருந்தது. அது அப்பாவா, பாலா, பாணா என்று அவன் கை போகும் பக்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம்.

முதலில் காட்டிய தனியார் நிலையத்தில், சிகிச்சை ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆகவே வீட்டிலும் ஆங்கிலம் மட்டும்தான் என்றார்கள். மகள் அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் "ஆங்கிலம் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் மறுக்கவில்லை. வீட்டிலேயே ஆங்கில ரீச்சர் இருக்கும்போது என்ன கஷ்டம் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்த ஆங்கிலத்தில் ஒரு குழந்தையைக் கொஞ்சிப் பழகியவள் இல்லை நான். "அம்மாக்கு ஒரு வாய், அப்பாக்கு ஒரு வாய், காகத்துக்கு ஒரு வாய்" என்று சொல்லித்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தினேன். பேரனுக்கு "ஓப்பின் யுவர் மவுத்" என்றேன். காலையில் எழும்பியதிலிருந்து "கம்", "சிட்", "நோ", "குட் போய்" என்று கட்டளையும் சான்றிதழும்தான் என் வாயிலிருந்து வந்தன. மருமகன் ஹட்டன் பக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். இரவு எட்டு மணிக்கு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் அன்று நடந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லுவார், விளங்குதோ இல்லையோ. தாள் ஒட்டியபிறகு அந்தக் கதை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவருக்கு வராது. பேசாமல் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். அவருடைய தாயார் ஊரிலிருந்து அழைத்தால் ஃபோனைப் பிள்ளையின் காதில் வைப்போம். அந்த அம்மா "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, "சரி, அம்மாகிட்ட குடு" என்பார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பேச்சு வராத பிள்ளையைச் சுற்றி இருந்த பேச்சைப் பாதிக்கு மேல் நாங்களே குறைத்துவிட்டோம்.

அவனுக்கு நாலரை வயது இருக்கும். ஒரு பின்னேரம் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திடீரென்று, "மழை வருது, உடுப்பை எடு!" என்றான். என்னுடைய குரல், என்னுடைய இழுப்பு. மாடியில் காயும் உடுப்பை எடுக்கச் சொல்லி நான் மகளைக் கூப்பிடுவது அது. தாளில் என்ன எழுதியிருந்தாலும் மழை வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். பிள்ளை தன் வாழ்க்கையில் சொன்ன முதல் முழு வசனம், நாங்கள் வீட்டில் தடை செய்த மொழியில் வந்தது. மகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். உடுப்பெல்லாம் நனைந்துதான் போனது, ஒருவரும் எடுக்கவில்லை.

இது வெறும் கிளிப்பேச்சு, இதில் அர்த்தமில்லை என்று அந்த நிலையத்தில் சொன்னார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் சாதாரணம். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் முதன்முதலாக 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதியபோதே இதைக் குறித்திருக்கிறார். பல காலம் இதைத் திருத்த வேண்டிய ஒரு குறையாகத்தான் பார்த்தார்கள். பாரி பிரிசன்ட் போன்ற பேச்சுத்துறை ஆய்வாளர்கள் 1980களில் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்து, திருப்பிச் சொல்வதற்கும் ஒரு வேலை இருக்கிறது, கேட்கவும் மறுக்கவும் பங்கெடுக்கவும் பிள்ளை அதைப் பயன்படுத்துகிறது என்று காட்டினார்கள். என் பேரன் அந்த வசனத்தை வெயிலில் சொல்லவில்லையே. இருட்டிக்கொண்டு வரும்போதுதானே சொன்னான்.

பிறகு எங்களுக்குக் கிடைத்தவர் தமிழ் பேசும் ஓர் இளம் பேச்சுச் சிகிச்சையாளர். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் படித்த பெண். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைக் கழற்றுங்கோ. முதல்ல நீங்கள் பிள்ளையோட உங்கட மொழியில கதையுங்கோ" என்றார். கனடாவில் மொன்றியல் நகரில் ஓட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவர்களைவிட மொழியில் கூடுதலாகப் பிந்தி நிற்கவில்லை. அதே ஆண்டில் வன்கூவரில் சீன மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலும் இரண்டாவது மொழியால் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. பெரிய எண்ணிக்கைகள் இல்லை, சரி. இரண்டு மொழி இருந்தால் ஓட்டிசம் குறையும் என்றும் எவரும் சொல்லவில்லை. ஆனால் தமிழை நிறுத்து என்று ஒரு தாய்க்குச் சொல்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஒருவரும் காட்டவில்லை.

இது நாலைந்து வீட்டு விஷயமும் இல்லை. நம் நாட்டில் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது.

இனி மற்ற வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலம் எதற்கு? இந்தப் பிள்ளை கொழும்பில் வாழ்கிறான். நாளைக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் எங்கள் கையை விட்டுவிட்டால், அவனிடம் பெயர் கேட்கப்போகும் பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன நிச்சயம்? வைத்தியசாலையில் அவன் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் டொக்டருக்கு? ஆங்கிலமும் சிங்களமும் அவனுக்கு அலங்காரம் இல்லை, பாதுகாப்பு.

ஆனால் எந்த ஆங்கிலம் என்பதில் நான் பெரிய பிழை விட்டேன். 31 வருடப் பழக்கத்தில், "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ" என்று சொல்ல முதலில் பழக்கினேன். அழகாகச் சொன்னான். எல்லோரும் கை தட்டினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு இரவு 103 பாகைக் காய்ச்சல். கிளினிக்கில் டொக்டர் குனிந்து "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார். கண் திறக்க முடியாமல் கிடந்த பிள்ளை, "ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ" என்றான். காதில் சீழ் வைத்திருந்தது. அந்தப் பாடத்தை நான் பிறகு எடுக்கவே இல்லை. அடுத்த கிழமை அவனைக் கண்ணாடி முன் நிறுத்தி, காதைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, நோகுது என்று சொல்லத் தமிழில் பழக்கினேன். அது நன்றாகப் பிடிபட்டபிறகு "மை இயர் ஹேர்ட்ஸ்" என்று அதே கண்ணாடியில் ஆங்கிலத்தில் பழக்கினேன். தமிழில் நோவைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலு நாள்தான் எடுத்தது.

ஆங்கிலம் படிப்பிக்கும் சக ஆசிரியர்களுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் பலருக்கு நான், நீ என்பது மாறிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணுமா?" என்று என்னிடம் கேட்பான். நாங்கள் அவனிடம் கேட்பதை அப்படியே தருகிறான். தமிழில் இதைத் திருத்துவது சுலபம். "தண்ணி வேணும்", "பசிக்குது" என்று சொன்னால் போதும், நானும் வேண்டாம், நீயும் வேண்டாம். வசனம் நிற்கும். ஆங்கிலம் அப்படி விடாது, ஆளை முன்னால் நிறுத்தச் சொல்லும். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து "ஐ வோன்ட் வோட்டர்" என்று சொல்லிக் கொடுத்தால், அந்த "ஐ" நான்தான் என்று எடுத்துக்கொள்கிறான். அதில் பிழையும் இல்லை. ஆகவே எதிரே உட்காருவதை விட்டேன். மகள் கையில் கிளாஸோடு எதிரே நிற்பாள். நான் அவனுக்குப் பின்னால் இருந்து, அவன் தோளுக்கு மேலாக, அவனுடைய வாயாக "ஐ வோன்ட் வோட்டர்" என்பேன். அவன் சொன்ன அடுத்த கணம் தண்ணீர் கைக்கு வரும். நாலு மாதம் எடுத்தது. ஒரு வகுப்பில் இதற்கு இரண்டு பேர் வேண்டும், பக்கத்து மேசைப் பிள்ளை போதும்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்தவர்கள் "போயிட்டு வாறம்" என்று சொல்லிப் போனால், அவர்கள் திரும்பி வரும்வரை பேரன் கேற்றடியில் நிற்பான். வாறம் என்று சொன்னார்களே! இருட்டும்வரை நின்று அழுத நாட்கள் உண்டு. ஆங்கிலத்தில் "பாய்" என்ற சொல்லைக் கற்றபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதியைக் கண்டேன். அந்தச் சொல்லில் வாக்குறுதி ஒன்றும் இல்லை. பிற மொழி இந்தப் பிள்ளைகளுக்குப் பாரம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். சில இடங்களில் அது இறக்கி வைக்கிறது.

மிகப் பெரிய தடை எங்கே இருந்தது தெரியுமா? அவனுக்கு ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். குடையைக் காட்டி "அம்ப்ரெல்லா" என்றால், "இல்லை! குடை!" என்று காதைப் பொத்திக்கொள்வான். நான் வற்புறுத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவான். படம், பாட்டு, இனிப்பு எதுவும் எடுபடவில்லை. வழியைக் காட்டியது ரயில். அவனுக்கு ரயில் என்றால் உயிர். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஏறி, தெஹிவளை தாண்டி, கல்கிசையில் இறங்கித் திரும்புவோம். பெயர்ப்பலகைகளைப் பார்த்தே அவன் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். வெள்ளவத்தை மூன்று வரியிலும் ஏறக்குறைய ஒரே சத்தம். தெஹிவளையும் அப்படியே. கல்கிசைக்கு வந்தால் கீழ் வரியில் "மவுண்ட் லவீனியா" என்று இருக்கிறது. ஒருநாள் பலகையின் முன் நின்றுவிட்டான். தமிழ் வரியை விரலால் காட்டி "கல்கிசை" என்றான். ஆங்கில வரியைக் காட்டி எழுத்தெழுத்தாகச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். "இரண்டும் இந்த இடம்தான் அப்பு. தமிழில கல்கிசை, இங்கிலிசில மவுண்ட் லவீனியா" என்றேன். அடுத்த ரயில் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. நான் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது ரயிலில் ஏறும்போது, "இரண்டு பெயர்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் காட்போட் மட்டையை வெட்டி, ரயில் நிலையப் பலகை மாதிரி தாள் ஒட்டி, மூன்று வரியில் குடைக்குப் பலகை எழுதினேன். சிங்கள வரியை மேல்மாடி அன்ரி எழுதித் தந்தார். அவன் அதைக் குடைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, கீழ் வரியைத் தானே வாசித்தான். காதைப் பொத்தவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் 140 பலகைகள் இருக்கின்றன, அரிசி வாளிக்கும் உண்டு.

கடையில் வாங்கிய படக்கார்டுகளையும் முதலில் வைத்துப் பார்த்தோம். படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்கப் பழக்கும் முறை 1985இல் அமெரிக்காவில் தொடங்கியது, நல்ல முறைதான். ஆனால் அந்தப் பெட்டியில் பனிமனிதனும் மஃபினும் கையுறையும் இருந்தன. வெள்ளவத்தைப் பிள்ளைக்கு அவற்றை என்ன செய்வது? ஃபோனில் எங்கள் வீட்டு இடியப்பத் தட்டையும், பாணையும், 155 பஸ்ஸையும் படம் எடுத்துக் கார்ட் செய்தபிறகுதான் வேலை நடந்தது.

ஓட்டிசம் உள்ள ஆங்கிலேய எழுத்தாளர் டேனியல் டாமெட் என்பவர் ஒரே கிழமையில் ஐஸ்லாந்து மொழி கற்றாராமே, உங்கள் பேரனுக்கும் அப்படி ஒரு சக்தி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அவருக்கு அது உண்மைதான். அவர் லட்சத்தில் ஒருவர். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் உட்கார முடியாத பிள்ளையை ரியூஷன் வகுப்பில் கொண்டுபோய் இருத்திய பெற்றோரை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பேரன் இப்போது ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் நான்காம் தரத்தில் இருக்கிறான். ஆங்கிலப் பாடம் வந்தால் அவனை நூலகத்துக்கு அனுப்புகிறார்கள். "அவருக்கு இது தேவையில்லைதானே அம்மா, கஷ்டப்படுத்த வேண்டாம்" என்றார் ஆசிரியை. மோசமானவர் இல்லை, 41 பிள்ளைகளோடு தனியாக நிற்கிறார், இப்படி ஒரு பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆனால் பேரனுக்கு நேரசூசி என்றால் சட்டம். சூசியில் "ஆங்கிலம்" என்று இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை "இப்ப இங்கிலிஸ், இப்ப இங்கிலிஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அங்கே உதவி செய்யும் தங்கச்சி சொன்னபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பாடத்திலிருந்து வெளியே அனுப்பினால் சேர்த்ததன் பயன் என்ன? மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆங்கில ஆசிரியர் வழிகாட்டிகளில் இதற்கென்று நாலு பக்கம் சேர்க்கலாம். மின்விசிறிக்குக் கீழே இருத்தாதீர்கள், அந்த இரைச்சலில் உங்கள் குரல் கேட்காது. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள், மறுபடி கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் விரலால் காட்ட விடுங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை. தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கத்தான் காசும் மனமும் வேண்டும். எங்களுக்கு ஒருவர் கிடைக்க ஒன்றரை வருடம் எடுத்தது.

தெஹிவளைத் தகப்பனாருக்கு: ஐயா, இன்று இரவே மகளிடம் உங்கள் தமிழில் கதையுங்கள். ஆங்கில வகுப்பை நிறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் கழற்றிய அன்று மருமகன் பிள்ளையை மடியில் வைத்து, ஒன்றரை வருடக் கடைக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னார். பேரன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பொருளின் படத்தைப் பெரிதாக, பின்னால் பூவும் வர்ணமும் இல்லாமல் வெள்ளையில் போட்டு, கீழே மூன்று மொழியிலும் பெயரை அச்சிடுங்கள். வெட்டி மட்டையில் ஒட்டும் அளவில் இருக்கட்டும். எங்களைப் போன்ற வீடுகளில் அது பத்திரமாக இருக்கும். முதல் வாரம் பாணைப் போடுங்கள். வெட்டாத முழுப் பாணாக இருந்தால் நல்லது, வெட்டியதை என் பேரன் பாண் என்று ஒத்துக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.